லாஸ் வேகாஸ் ரிசார்ட் கிரெடிட்: குடும்பத்தோடு போகும்போது சாப்பாட்டுக்கு எப்படிச் செலவழிப்பது?

அரிசோனாவில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

திருச்சியிலிருந்து அவருடைய பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். அவர்களோடு கணவர், 14 வயது மகன், 9 வயது மகள் என்று ஆறு பேராக அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில் சீசர்ஸ் குழுமத்தின் ஹோட்டல் ஒன்றில் மூன்று இரவு தங்கப் போகிறார்கள். ஹோட்டலின் சொந்த இணையதளத்திலேயே இரண்டு அறை பதிவு செய்திருக்கிறார்; இரண்டும் அவர் பெயரில். ஒவ்வொரு அறைக்கும் 100 டாலர் ரிசார்ட் கிரெடிட், அதாவது ஹோட்டலுக்குள் செலவழிக்க அறையோடு தரும் சலுகைத் தொகை. அந்தக் குழுமத்தின் உறுப்பினர் சலுகைத் திட்டமான சீசர்ஸ் ரிவார்ட்ஸில் கணவரின் கணக்கில் 14,000 ரிவார்ட் கிரெடிட், அதாவது பாயிண்ட், சேர்ந்திருக்கிறது. அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார்.

"மூன்று இரவுக்கு இரண்டு அறை என்றால் 600 டாலர்தானே? ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வாங்கும் தொகை) போக மீதியை ஹோட்டலுக்குள் இருக்கும் எந்த உணவகத்திலும் காட்டலாம் அல்லவா?" என்று கேட்கிறார். ஐந்து மாதம் முன்பு ஸ்ட்ரிப்பில் வேறொரு ஹோட்டலில் 75 டாலர் கிரெடிட் இருந்தும், இரவுச் சாப்பாட்டுக்கு உணவகத்திலேயே கார்டில் பணம் கட்டிவிட்டார்கள். செக்-அவுட்டில் கேட்டபோது கிரெடிட் காலாவதி என்று சொல்லிவிட்டார்களாம். அதை வங்கி மூலம் திரும்பப் பெற முடியுமா என்பது அடுத்த கேள்வி. அவரை உண்மையில் உறுத்துவது கடைசிப் பத்தியில் இருக்கிறது. கணவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களோடு அங்கே கேசினோவில் ஆடப் போகிறார். "விளையாடுவதில் பாதி சாப்பாடாகத் திரும்பி வந்துவிடுகிறது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாக ஆடினால் டயமண்ட் நிலை வந்துவிடும், விருந்து இலவசம், ரிசார்ட் கட்டணமும் இல்லை" என்கிறாராம். இந்த ஆண்டு அவருக்குச் சுமார் 6,000 டியர் கிரெடிட் (டயமண்ட் போன்ற உறுப்பினர் நிலையைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை) இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மூன்று தனித்தனிச் சலுகைகளை ஒரே பையில் போட்டுக் கணக்குப் பார்க்கிறீர்கள். அறையோடு வரும் ரிசார்ட் கிரெடிட் ஒன்று. கணவரின் கணக்கில் சேர்ந்திருக்கும் ரிவார்ட் கிரெடிட் இன்னொன்று. அவருடைய நிலையை உயர்த்தும் டியர் கிரெடிட் மூன்றாவது. டியர் கிரெடிட்டை வைத்து ஒரு காபிகூட வாங்க முடியாது; அது நிலையைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை மட்டுமே. மற்ற இரண்டும் சாப்பாட்டுக்கு உதவும். ஆனால் அவற்றின் ஆயுள் வேறு, பயன்படுத்தும் வழி வேறு. சென்ற முறை 75 டாலர் போனதற்குக் காரணமும் இந்தக் குழப்பம்தான்.

600 இல்லை, பெரும்பாலும் 200

பதிவு உறுதி மின்னஞ்சலைத் திறந்து, கட்டண வகையின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் பாருங்கள். தங்கலுக்கு ஒருமுறை என்று இருந்தால் எத்தனை இரவு இருந்தாலும் அறைக்கு 100 டாலர்தான். இரவுக்கு என்று இருந்தால் மட்டுமே இரவுகளால் பெருக்க வேண்டும். அப்போதும் ஒரு நாள் மிச்சம் மறுநாளுக்குச் சேராது என்ற விதி பல சலுகைகளில் உண்டு. நீங்கள் கடிதத்தில் எடுத்தெழுதிய வாசகத்தைப் பார்த்தால் அது தங்கலுக்கு ஒருமுறை தரும் வகை. ஆகவே இரண்டு அறைக்கும் சேர்த்து 200 டாலர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ரிசார்ட் கட்டணத்தை இதில் கழிக்க முடியாது. அறை வாடகை, அறை வரி, ரிசார்ட் கட்டணம் ஆகியவற்றை ரிசார்ட் கிரெடிட்டிலிருந்து ஈடுசெய்ய விடுவதில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். எஃப்.டி.சி. எனப்படும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஹோட்டல்கள் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தை வாங்கவே கூடாது என்று விதி சொல்லவில்லை. எனவே நீங்கள் பதிவு செய்தபோது பார்த்த மொத்தத்தில் அது அடங்கியிருக்கும். கிரெடிட்டை உணவுக்கென்று தனியாக வையுங்கள்.

ஹோட்டல் கட்டடத்துக்குள் இருக்கும் உணவகமெல்லாம் ஹோட்டலுடையது என்று நினைப்பதும் சரியல்ல. சீசர்ஸ் பேலஸை ஒட்டியிருக்கும் ஃபோரம் ஷாப்ஸ், பிளானெட் ஹாலிவுட்டைச் சுற்றியிருக்கும் மிராக்கிள் மைல் ஷாப்ஸ் இரண்டும் தனி வணிக வளாகங்கள். கேசினோ தளத்திலிருந்து நடந்தால் கதவுகூட இல்லாமல் அங்கே போய்விடலாம். எல்லை எது என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கிருக்கும் பெரும்பாலான கடைகள் உங்கள் அறை எண்ணில் பில்லை ஏற்றாது. அறையில் ஏற்ற முடியாத இடத்தில் கிரெடிட் செல்லாது. ஃபுட் கோர்ட், காபிக் கடைகளிலும் இதே சிக்கல் வரலாம். உட்காருவதற்கு முன்பே "இங்கே ரூம் சார்ஜ் செய்யலாமா, இது ரிசார்ட் கிரெடிட்டில் சேருமா?" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். முதலாவதற்கு ஆம் என்று பதில் வந்தாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள். அறையில் ஏறும், ஆனால் கிரெடிட்டில் சேராது என்ற இடங்களும் உண்டு.

கிரெடிட் முதலில், பாயிண்ட் பிறகு

ரிசார்ட் கிரெடிட்டின் ஆயுள் செக்-அவுட் வரைதான். மிச்சத்தைப் பணமாகத் தர மாட்டார்கள், அடுத்த பயணத்துக்கும் எடுத்துவைக்க மாட்டார்கள். கணவரின் ரிவார்ட் கிரெடிட்டோ, கணக்கில் ஆறு மாதம் எந்த ஈட்டலும் இல்லாமல் போனால்தான் காலாவதியாகும். 100 ரிவார்ட் கிரெடிட்டுக்கு 1 டாலர் என்பது உணவுக்கும் அறைக்கும் உள்ள மதிப்பு. அப்படியென்றால் 14,000 என்பது 140 டாலர்.

தவறு நடக்கும் இடம் மிகச் சின்னது. முதல் நாள் இரவு பில் வந்ததும் கணவர் ஆசையாகத் தன் ரிவார்ட்ஸ் கார்டை நீட்டி, ரகசிய எண்ணைப் போட்டு, பாயிண்டில் கட்டிவிடுவார். பில் அங்கேயே தீர்ந்தது. அறைக் கணக்கில் எதுவும் ஏறவில்லை. கிளம்பும் நாள் காலை அறைக் கணக்கில் காபி, ஜூஸ் என்று 20 டாலர் மட்டும் நிற்கும். மீதிக் கிரெடிட் போய்விடும். ஆகவே முதல் இரண்டு நாள் சாப்பாடு முழுவதையும் அறையில் ஏற்றுங்கள். கிரெடிட் தீர்ந்தபின் பாயிண்டைத் தொடுங்கள். பாயிண்டை ஸ்லாட் மெஷின் (பணம் போட்டுச் சுழற்றி ஆடும் சூதாட்ட இயந்திரம்) ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. சாப்பாட்டுக்குச் செலவழித்தால் கிடைக்கும் மதிப்பு அதில் கிடைக்காது. கணவரின் பாயிண்டை அவர்தான் பயன்படுத்த முடியும். அடையாள அட்டையோடு அவர் உடன் இருக்க வேண்டும். நீங்கள் கார்டை மட்டும் எடுத்துப் போனால் நடக்காது.

அறையில் ஏற்றும் வசதி தானாக வந்துவிடாது. செக்-இன்னில் கூடுதல் செலவுக்கென்று ஒரு கார்டைப் பதிவு செய்து, ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். அதற்கு மறுத்தால் ரூம் சார்ஜ் மூடப்படும், கிரெடிட்டும் அதோடு பயனற்றுப் போகும். இதற்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். நிறுத்திவைத்த பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பச் சில நாள் ஆகும். அதுவரை அது கைக்கு எட்டாத பணம்.

இரண்டு அறையும் உங்கள் பெயரில் இருப்பதால் இன்னொரு சங்கடம் வரும். அப்பா தன் அறை எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், பெயர் பொருந்தவில்லை என்று உணவகத்தில் மறுப்பார்கள். செக்-இன் செய்யும்போது அப்பாவின் பாஸ்போர்ட்டைக் காட்டி, இரண்டாவது அறையில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்திலேயே இரண்டு அறைக்கும் கிரெடிட் பதிவாகியிருக்கிறதா, எந்தெந்த உணவகம் அதில் சேரும், வரியும் டிப்ஸும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் சாப்பிட்ட ஒரு பில்

நடக்கப்போவதை எண்ணில் பார்த்துவிடலாம். முதல் நாள் இரவு ஆறு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு 168 டாலர் என்று கொள்வோம். லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியில் விற்பனை வரி 8.375 சதவீதம், அது 14.07. ஆறு பேர் அல்லது அதற்கு மேல் வந்தால் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவது அங்கே பரவலான வழக்கம். 18 சதவீதம் என்றால் 30.24. மொத்தம் ஏறத்தாழ 212 டாலர்.

இதை ஒரே அறையில் ஏற்றினால் அந்த அறையின் 100 டாலர் மட்டுமே கழியும், மற்ற அறையின் கிரெடிட் அப்படியே கிடக்கும். இரண்டு அறைக் கிரெடிட்டைக் கடைசியில் ஒன்றாகக் கூட்டித் தருவார்கள் என்று நம்பாதீர்கள். சலுகை ஒவ்வொரு பதிவோடும் தனியாக ஒட்டியிருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போதே "இரண்டு அறைக்கு இரண்டு பில்" என்று சொல்லிவிடுங்கள். பில் அச்சான பிறகு பிரிப்பது அவர்களுக்கும் தொல்லை. பாதியாகப் பிரித்தால் அறைக்கு 106 டாலர். வரியும் டிப்ஸும் கிரெடிட்டில் அடங்கும் என்றால் இரண்டுக்குமாக உங்கள் கையிலிருந்து 12 டாலர் சொச்சம்தான். அடங்காது என்றால் ஒவ்வொரு அறையிலும் 84 டாலர் கழிந்து 16 டாலர் மிஞ்சும். வரியும் டிப்ஸுமாக 44 டாலர் சொச்சம் நீங்கள் கொடுக்க வேண்டும். மிஞ்சிய 16 காலை உணவுக்கு ஆகும்.

கையெழுத்துப் போடும் தாளை நிதானமாகப் பாருங்கள். மேலே அச்சிட்ட மொத்தத்துக்கு முன் டிப்ஸோ சர்வீஸ் சார்ஜோ ஏற்கெனவே ஒரு வரியில் இருக்கும். அதற்குக் கீழே டிப்ஸ் என்று இன்னொரு கோடு காலியாக இருக்கும். அது கூடுதலாகக் கொடுக்க விரும்புபவர்களுக்கு. அவசரத்தில் அதிலும் 20 சதவீதம் எழுதிவிட்டால் இரண்டு முறை கொடுத்தது போல. சில உணவகங்களில் சி.என்.எஃப். என்ற பெயரில் நான்கைந்து சதவீதம் சேர்த்திருப்பார்கள். அது வரி இல்லை, உணவகமே போடும் கட்டணம். மேலே சொன்ன எஃப்.டி.சி. விதி தங்குமிடத்துக்கும் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும்தான், உணவகத்துக்குப் பொருந்தாது. ஆகவே மெனுவின் அடியில் இருக்கும் குறிப்பை முதலிலேயே படித்துவிடுங்கள். பாயிண்டில் கட்டும் நாளில் டிப்ஸுக்குப் பணம் தனியாகக் கையில் இருக்கட்டும். பரிமாறுபவரின் பிழைப்பு அதில் இருக்கிறது, நம் சலுகைக் கணக்கில் அவர் நஷ்டப்படக் கூடாது.

ரூம் சர்வீஸில் கிரெடிட்டைத் தீர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கொண்டுவரும் கட்டணம், கட்டாய சர்வீஸ் சார்ஜ், வரி எல்லாம் ஏறிய பிறகு இரண்டு டோஸ்ட்டும் ஒரு காபியும் கிரெடிட்டில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

அம்மாவின் சாப்பாடு, அப்பாவின் இன்சுலின்

பெரிய பஃபேக்கு இந்தக் கிரெடிட்டைச் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சீசர்ஸ் பேலஸின் பக்கனால் போன்ற பஃபேயின் விலை நண்டு, இறால், மாட்டிறைச்சியை வைத்துப் போடப்படுகிறது. முட்டையும் சாப்பிடாத அம்மாவுக்கும், அளவாகச் சாப்பிட வேண்டிய அப்பாவுக்கும் அந்த விலை கொடுப்பது வீண். பையனுக்கு அது திருவிழாதான்; வேண்டுமென்றால் கணவரும் மகனும் ஒரு வேளை போகட்டும். பெரியவர்களுக்கு மெனு பார்த்து ஆர்டர் செய்யும் உணவகமே நல்லது.

சைவம் என்று மட்டும் சொன்னால் அங்கே போதாது. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி இனத்து மீன் இருக்கும். காய்கறி சூப்பும் ரிசோட்டோவும் கோழிச்சாற்றில் செய்யப்படலாம். மெக்சிகன் உணவகத்தின் மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. தாய் கறிகளில் மீன் சாஸ் இருக்கும். "இறைச்சி, மீன், முட்டை, கோழிச்சாறு எதுவும் கூடாது" என்று பொருளாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாஸ்தா என்றால் மாவு முட்டை சேர்த்துப் பிசைந்ததா, உலர் வகையா என்றும் கேட்க வேண்டும். உலர் வகையில் பெரும்பாலும் முட்டை இருக்காது. ஸ்ட்ரிப்புக்கு வெளியே இருக்கும் இந்திய உணவகங்களில் கிரெடிட் செல்லாது என்றாலும், ஒரு மதியம் அங்கே போய்ச் சொந்தப் பணத்தில் சாப்பிடுவதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டைத் தீர்ப்பதற்காக மூன்று நாளும் அம்மாவை உருளைக்கிழங்கு வறுவலில் ஓட்டவைக்க வேண்டாம்.

இன்சுலின் விஷயம் முக்கியம். அறையில் குளிர்பெட்டி போலத் தெரிவது பெரும்பாலும் மினிபார், அதாவது விற்பனைக்கு வைத்த பானங்களும் தின்பண்டங்களும் உள்ள பெட்டி. உள்ளே இருக்கும் பொருளைச் சற்று நகர்த்தினாலே சென்சார் மூலம் கணக்கில் ஏறிவிடும் வகை அங்கே அதிகம். நம் பொருளை உள்ளே வைத்தால் அதற்கும் கட்டணம் போடும் ஹோட்டல்கள் உண்டு. மருந்து வைக்கத் தனிக் குளிர்பெட்டி வேண்டும் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிப் பதிவுக் குறிப்பில் சேர்க்கச் செய்யுங்கள். மருத்துவக் காரணம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். அப்பா போட்டவுடன் வேகமாக வேலை செய்யும் வகை இன்சுலின் போடுபவர் என்றால், தட்டு மேசைக்கு வந்த பிறகு போடட்டும். அங்கே உணவகங்களில் காத்திருப்பு நீளும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. 21 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் கேசினோ தளத்தைக் கடந்து உணவகத்துக்குப் போகலாம். மெஷின்களுக்கு அருகே நின்று பார்க்கக் கூடாது. நெவாடா சட்டம் அப்படி. கணவர் "ரெண்டே நிமிஷம்" என்று உட்கார்ந்தால் பிள்ளைகளோடு அங்கே நிற்காதீர்கள்.

"பாதி சாப்பாடாகத் திரும்பி வருகிறது" என்பது

இந்தக் கணக்கைக் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். சண்டையாக வேண்டாம், காகிதத்தில் போடுங்கள்.

சீசர்ஸ் ரிவார்ட்ஸில் சாதாரண ஸ்லாட் மெஷினில் 5 டாலர் பந்தயத்துக்கு 1 ரிவார்ட் கிரெடிட், 1 டியர் கிரெடிட். மெஷினில் ஆடும் சீட்டாட்டமான வீடியோ போக்கர் என்றால் 10 டாலருக்கு 1. ஆக, 1 டாலர் சாப்பாட்டுக்கு வேண்டிய 100 கிரெடிட் சேர, ஸ்லாட்டில் 500 டாலர் பந்தயம் ஓட வேண்டும். இது சட்டைப்பையிலிருந்து போகும் 500 இல்லை. ஜெயித்ததை மறுபடி போட்டு ஓடும் மொத்தம் அது. சுழற்சிக்கு 1 டாலர் வைத்தால் 500 சுழற்சி. ஸ்ட்ரிப்பில் ஸ்லாட் மெஷின்கள் மொத்தப் பந்தயத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்கின்றன. 500-இல் 8 சதவீதம் 40 டாலர். ஒரு டாலர் சாப்பாட்டுக்கு, சராசரியாக 40 டாலர் இழப்பு. ஒரு நாள் ஜெயிக்கலாம், ஒரு நாள் இதைவிட மோசமாகத் தோற்கலாம். ஆண்டுக்கணக்கில் ஆட ஆட எண்ணிக்கை இங்கேதான் வந்து நிற்கும். அவர் சொல்லும் "பாதி" இதில் எங்கேயும் இல்லை. இது நாற்பதில் ஒரு பங்கு.

அவர் முழுக்கத் தவறு என்றும் நான் சொல்லவில்லை. தவறாமல் ஆடுபவர்களுக்கு இலவச அறை, உணவுக் கிரெடிட் என்று அஞ்சலிலும் செயலியிலும் தனிச் சலுகைகள் வரும்; பாயிண்டுக்கு மேல் அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் சராசரியாக எவ்வளவு இழப்பார் என்று அவருடைய ஆட்டத்தை வைத்துக் கணித்து, அதில் ஒரு பகுதியைத்தான் அந்தச் சலுகையாகத் திருப்பித் தருகிறார்கள். இழப்பைவிடச் சலுகை பெரிதாக இருந்தால் அந்த வியாபாரம் நடக்காது.

இப்போது டயமண்ட். அதற்கு 15,000 டியர் கிரெடிட் வேண்டும். 6,000 இருக்கிறது; இன்னும் 9,000. ஸ்லாட்டில் மட்டும் சேர்த்தால் 45,000 டாலர் பந்தயம் ஓட வேண்டும். எட்டு சதவீதக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டிய இழப்பு 3,600 டாலர். ஒரே நாளில் நிறைய ஆடினால் கூடுதல் டியர் கிரெடிட் தரும் விதிகள் அவ்வப்போது இருப்பதால் அந்த எண் குறையலாம். அந்த விதியே ஒரே மூச்சில் அதிகம் ஆடவைப்பதற்காக வந்தது என்பதையும் பாருங்கள். பதிலுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு 100 டாலர் விருந்து, நேரடியாகப் பதிவு செய்த அறைகளில் ரிசார்ட் கட்டண விலக்கு, வரிசையில் முன்னுரிமை. நீங்கள் ஆண்டுக்கு ஆறேழு இரவு தங்கினாலும் இவையெல்லாம் சேர்ந்து 3,600-ஐத் தொடாது. இந்த விருந்தைக் காசு கொடுத்தே சாப்பிடுங்கள், அதுதான் மலிவு.

டியர் கிரெடிட் ஆட்டத்தில் மட்டும் சேர்வதில்லை. அந்தக் குழுமத்தின் அறைக்கும் உணவுக்கும் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்று சேரும். பதிவில் கணக்கு எண்ணைக் கொடுத்து, பில்லை அறையில் ஏற்றினால் உங்கள் பயணச் செலவே கொஞ்சம் சேர்த்துவிடும். வெளித் தளங்களில் பதிவு செய்தால் அறை வாடகைக்கு இது கிடைக்காது. நேரடியாகப் பதிவு செய்தது நல்லதாகப் போயிற்று. எவ்வளவு சேர்கிறதோ அதோடு நிற்கட்டும்.

அப்பாவையும் ஒரு மெஷினில் உட்காரவைத்து, கணவரின் கார்டைச் செருகிப் பாயிண்ட் சேர்க்கலாம் என்ற யோசனை உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வருகிறது. வேண்டாம். கார்டு அதன் உரிமையாளர் ஆடுவதற்கு மட்டும். தற்செயலாகப் பெரிய ஜாக்பாட் விழுந்தால் ஆடியவர் பெயரில்தான் வரிப் படிவம் எழுதுவார்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு அதில் 30 சதவீத வரி பிடித்தம் வரும். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தம் சூதாட்ட வருமானத்துக்கு விலக்குத் தரவில்லை.

இரண்டு மூன்று முறை போவது பொழுதுபோக்கா, அதற்கு மேலா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் முடிவு செய்ய முடியாது. ஆனால் எவ்வளவு போயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார், கிரெடிட் கார்டு பில்லில் ரொக்கம் எடுத்த பதிவு ஒருமுறை கண்ணில் பட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சாதாரணமாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் ஆண்டு முடிவு ஆட்டக் கணக்கைக் கேசினோவிலிருந்து வாங்கச் சொல்லுங்கள். கார்டைச் செருகி ஆடியதற்கு ஜெயிப்பு தோல்வி அறிக்கை தருவார்கள். அதை இருவரும் சேர்ந்து பாருங்கள். கடன் வசதி, காசோலை மாற்றல், அஞ்சல் விளம்பரம் தனக்கு வேண்டாம் என்று வாடிக்கையாளர் கேட்டால் அதை நிறுத்தும் ஏற்பாடு நெவாடா கேசினோக்களில் இருந்தாக வேண்டும். சலுகை அஞ்சல்தான் அவரை இழுக்கிறது என்றால் அவரே அதை நிறுத்தச் சொல்லலாம். கணக்கில் இருக்கும் பாயிண்டைச் செலவழித்துவிட்டு அதைச் செய்யட்டும். பேச வேண்டும் என்று தோன்றினால் 1-800-426-2537 என்ற உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை. ஆடுபவர் மட்டும் இல்லை, குடும்பத்தாரும் அழைக்கலாம்.

போன முறை போன 75 டாலர்

வங்கி வழி இப்போது சரிப்படாது. கிரெடிட் கார்டு பில்லில் பிழை என்று முறையிட, அந்த பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள் அவகாசம் தருகிறது அமெரிக்கச் சட்டம். ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவகாசம் இருந்திருந்தாலும் உங்கள் தரப்பு பலவீனம்தான்: நீங்கள் சாப்பிட்டீர்கள், அதற்குச் சரியான தொகை கட்டினீர்கள், உணவகம் தவறு செய்யவில்லை. அறையில் ஏற்றினால்தான் கிரெடிட் என்று நிபந்தனையில் இருந்திருக்கும். ஹோட்டல் கட்டணத்தையே மறுத்து வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லும் அறிவுரை நண்பர்களிடமிருந்து வரும். அதன்படி செய்தால் அந்த ஹோட்டல் உங்கள் கணக்கை முடக்கவும், அடுத்த பதிவை ஏற்க மறுக்கவும் கூடும்.

அன்றைக்கே தெரிந்திருந்தால் சரிசெய்திருக்கலாம். கார்டில் கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு, செக்-அவுட்டுக்கு முன் அதே உணவகத்துக்குப் போய், அந்த விற்பனையை ரத்து செய்து அறையில் ஏற்றித் தரக் கேட்டால் மேலாளர்கள் பல சமயம் செய்து தருவார்கள். இந்தப் பயணத்தில் மறந்துபோய்க் கார்டை நீட்டிவிட்டால் அதைச் செய்யுங்கள். கடைசி நாள் 11 மணிக்குச் செக்-அவுட் என்றால் ஒன்பது மணிக்கெல்லாம் செயலியிலோ ஃப்ரன்ட் டெஸ்க்கிலோ இரண்டு அறைக் கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள்; தொகை கழிக்கப்பட்ட பதிவு அதில் தெரிந்தால்தான் கிரெடிட் ஏறியதாக அர்த்தம். டி.வி. வழியாகவோ செயலியிலோ அவசரமாகச் செக்-அவுட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அழுத்திய பிறகு கணக்கு மூடிவிடும்.

பழைய 75 டாலருக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் எழுதிப் பார்க்கலாம். அந்த ஹோட்டலின் விருந்தினர் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள். பதிவு உறுதிக் கடிதம், இறுதி அறைக் கணக்கு, உணவக ரசீது மூன்றையும் இணையுங்கள். உரிமை என்று வாதாடாமல், அதே ஹோட்டலின் உணவகத்தில் தங்கிய நாளிலேயே சாப்பிட்டோம், முறை தெரியாமல் கார்டில் கட்டிவிட்டோம், நல்லெண்ணமாக அடுத்த தங்கலுக்குக் கிரெடிட்டாகவாவது தர முடியுமா என்று நான்கு வரியில் கேளுங்கள். அந்த உணவகம் ஹோட்டலுடையது இல்லை என்று ரசீதில் தெரிந்தால் எழுதுவதே வேண்டாம். பணமாகத் திரும்ப வராது. கிரெடிட்டாகத் தந்தால், அதை வாங்குவதற்காக ஒரு பயணம் போடாதீர்கள். எப்படியும் போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள்.